போட்டால் போகும், விட்டால் வரும்

"போட்டா போயிருதுங்க, விட்டா வந்துருதுங்க."

தோல் ஆய்வகத்தில் ஸ்லைடு பார்க்கிறவர்களுக்கு இந்த வாக்கியம் காதில் விழாத நாள் கிடையாது. சொல்கிறவர் பனியன் கம்பெனிக்காரராக இருக்கலாம், வங்கியில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், கைக்குழந்தைக்காரியாக இருக்கலாம். கதை மாறுவதில்லை. ஏதோ ஒரு களிம்பு. தடவினால் ஓரிரு நாளில் அரிப்பு அடங்குகிறது, ஒரு வாரத்தில் சிவப்பும் மறைகிறது. டியூப் தீர்ந்ததும் திரும்பி வருகிறது. வரும்போது முன்பு இருந்த இடத்தோடு நிற்பதில்லை, புது இடத்தையும் பிடித்துக்கொண்டு வருகிறது.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் எழுதி அனுப்பும் இடத்தில் தோலைச் சுரண்டி, நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுக்கிறவன். ஆனால் இந்த வாக்கியத்தைக் கேட்டதுமே ஸ்லைடில் என்ன தெரியப் போகிறது என்று ஓர் ஊகம் வந்துவிடும். வந்தவரின் உடம்பில் வட்டமும் இருக்காது, தெளிவான ஓரமும் இருக்காது. சிலருக்குக் கரப்பான் போல, சிலருக்கு சோரியாசிஸ் போல, முகத்தில் என்றால் வெயில் அலர்ஜி போல இருக்கும். சுரண்டிப் பார்த்தால் பெரும்பாலும் படர்தாமரை.

படர்தாமரையை நம் ஊரில் யாருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. வட்டமாக வரும், ஓரம் சிவந்து தடித்திருக்கும், ஓரத்தில் மெல்லிய செதில் உதிரும், நடுத்தோல் கொஞ்சம் தெளிந்திருக்கும். இந்த வடிவம் ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும். இந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு கெரட்டின். தோலின் மேலடுக்கில், அதாவது செத்த அணுக்கள் இருக்கிற அடுக்கில், அது உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். உயிருள்ள தோலுக்குள் சாதாரணமாக இறங்காது. அரிப்பும் சிவப்பும் தடிப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்வதைவிட, வந்தவனை விரட்ட நம் உடம்பு நடத்தும் சண்டையால் வருபவைதான். காய்ந்த புல்லில் பிடித்த தீ போல அது வெளிப்பக்கமாக நகரும். எரிகிற ஓரம்தான் நமக்குத் தெரியும் சிவப்பு வளையம், நடுவில் இருப்பது எரிந்து அடங்கிய இடம்.

இப்போது அந்த வளையத்தின் மேல் ஸ்டீராய்டு களிம்பைத் தடவுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு பூஞ்சையைத் தொடுவதே இல்லை. சண்டை போடுகிற நம் உடம்பைத்தான் உட்கார வைக்கிறது. சண்டை நின்றதும் சிவப்பு போகிறது, அரிப்பு போகிறது, ஓரத் தடிப்பு கரைகிறது. தடவியவருக்குக் குணமாகிவிட்டது என்ற நிம்மதி. தடுக்க ஆள் இல்லாத பூஞ்சைக்கு அதைவிடப் பெரிய நிம்மதி. களிம்பை நிறுத்தியதும் உடம்பு விழித்துப் பார்க்கிறது, எதிரி மூன்று மடங்கு இடத்தில் குடியேறியிருக்கிறான். உடனே மறுபடியும் டியூப். இப்படி நாலைந்து சுற்று போனால் படர்தாமரை தன் முகத்தையே இழந்துவிடும். வட்டம் உடையும், வட்டத்துக்குள் வட்டம் வரும், நடுவில் கொப்புளம் வரும், சில இடத்தில் தோல் மெலிந்து பளபளக்கும்.

1968இல் ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: டீனியா இன்காக்னிடோ. மாறுவேடத்தில் திரியும் படர்தாமரை. தோலில் பூசும் ஸ்டீராய்டு 1952இல் ஹைட்ரோகார்டிசோன் வடிவில் வந்தது. பதினாறே வருடத்தில் அதன் தவறான பயன்பாட்டுக்கென்று தனி நோய்ப் பெயர் தேவைப்பட்டுவிட்டது. பூஞ்சை பிறவியிலேயே தந்திரக்காரன் என்று நினைப்பவர்கள் உண்டு; எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேடம் போட்டுவிட்டது நாம்தான்.

சரி, "நான் ஸ்டீராய்டெல்லாம் போடலையே" என்பீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். டியூபை வாங்கிப் பார்த்தால், பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும். க்ளோபெட்டசால் ப்ரோப்பியோனேட் 0.05%, அதோடு ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு பாக்டீரியாக்கொல்லி, சிலவற்றில் நான்காவதாக இன்னொன்றும். எது இருந்தாலும் ஏதாவது ஒன்று கேட்கும் என்ற கணக்கில் எல்லாவற்றையும் ஒரே டியூபில் அடைத்துவிட்டார்கள். இதில் க்ளோபெட்டசால் என்பது பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையான வகுப்பைச் சேர்ந்தது. ஹைட்ரோகார்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியம். தடித்த உள்ளங்கால் சோரியாசிஸுக்கு மருத்துவர் கணக்குப் பார்த்து எழுத வேண்டிய மருந்து. அதைத் தொடை இடுக்கில் தடவினால், அந்த இடத்துத் தோல் மெல்லியது, எப்போதும் ஈரம், மடிப்பு வேறு. மருந்தை அப்படியே உறிஞ்சும். சில மாதத்தில் தோல் வெடித்து வரிவரியாகத் தழும்பு விழும். பிரசவத் தழும்பு மாதிரியே இருக்கும், வாழ்நாளுக்கும் போகாது. படை போனாலும் அந்த வரி போகாது.

க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன். இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று டியூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு களிம்பு. கூடவே க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் என்று இருந்தால் அவை பூஞ்சைக்கொல்லிகள். காதுக்கு ஒரே மாதிரி கேட்கும், வேலை நேர் எதிர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 பூசும் ஸ்டீராய்டுகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. அதே வருடம் செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தது. அந்தப் பட்டியலில் தோல் களிம்புகளும் இருந்தன. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு வைத்துப் பல வருடமாகக் கத்திக்கொண்டிருந்தது. பலன்? எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள், என்ன வருகிறதென்று. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தோல் மருத்துவரைப் பார்க்க அரை நாள் சம்பளம் போகும், டியூபுக்கு அவ்வளவு ஆகாது. அரிக்கிறவனுக்கு அன்றைக்கு ராத்திரி தூங்க வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு கட்டிங் மாஸ்டர் நினைவுக்கு வருகிறார். திருப்பூர்ப் பக்கம். இடுப்பிலிருந்து முதுகு வரை படர்ந்திருந்தது.

"ஏனுங் தம்பி, ஒருத்தரு கரப்பான்னாரு, மெடிக்கல்காரரு அலர்ஜின்னாரு. எங்கம்மா காணாக்கடின்னு மந்திரிச்சே விட்டாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்றதில்லீங்ணா. ஸ்லைடு சொல்லும். கொஞ்சம் திரும்பி உக்காருங்க."

இந்தச் சோதனைக்கு நாங்கள் சொல்லும் பெயர் கே.ஓ.எச். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அவ்வளவுதான். சோதனைகளில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்போம். மேலே இருக்கும் எண்ணெய், களிம்பு, பவுடர் எல்லாம் போக வேண்டும். பிறகு மழுங்கிய பிளேடை ஓரத்தில் வைத்துச் சுரண்டுவோம். நடுவில் சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது, பூஞ்சை ஓரத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். வலிக்காது, கூச்சம்தான் இருக்கும். மாவு போல உதிரும் செதிலைக் கண்ணாடித் துண்டில் வாங்கி, 10 முதல் 20 சதவீதக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கவர்ஸ்லிப் வைத்துக் காத்திருக்க வேண்டும். பத்து, இருபது நிமிடத்தில் காரம் தோல் அணுக்களைக் கரைத்துக் கண்ணாடி ஆக்கிவிடும். பூஞ்சையின் சுவர் கரையாது.

நுண்ணோக்கியில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். புது ஆட்கள் பளீரென்று விளக்கைப் போட்டுவிட்டு "ஒண்ணும் இல்லை சார்" என்பார்கள். மங்கலான ஒளியில்தான் இழைகள் துலங்கும்: ஒரே தடிமனில், இடையிடையே குறுக்குத் தடுப்புகளோடு, கிளை பிரிந்து, தோல் அணுக்களின் எல்லைக்கோடுகளைச் சட்டை செய்யாமல் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். எல்லைக்கோட்டோடு வளைந்து வளைந்து போனால் அது பூஞ்சை இல்லை, வெறும் தோற்றப் பிழை. பனியன் பஞ்சு இழைகூட ஆளை ஏமாற்றும், எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். ஆனால் பஞ்சு இழை தடிமன் மாறும், முறுக்கு இருக்கும்.

கட்டிங் மாஸ்டரின் ஸ்லைடில் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. பார்வைப்புலம் முழுக்க இழைகள். ஸ்டீராய்டு போட்ட தோலில் இதுதான் வழக்கம். வெளியே பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே கூட்டம் நெரியும். அவர் பையில் இருந்த டியூபில் பீட்டாமெத்தசோன்.

பூஞ்சை எதை எதைப் போலத் தெரியும் என்று எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். காலிலும் கையிலும் காசு வடிவில் வரும் ஒரு கரப்பான் உண்டு. அதற்கும் படர்தாமரைக்கும் பார்வையில் வித்தியாசம் சொல்வது அனுபவசாலிக்கே கஷ்டம். மார்பிலும் முதுகிலும் திடீரென்று கூட்டமாக வரும் பிட்டிரியாசிஸ் ரோசியாவில், கூட்டத்துக்கு முன்னால் தனியாக ஒரு பெரிய வட்டம் வரும். அதைப் படை என்று நினைத்துக் களிம்பு வாங்கியவர்கள் ஏராளம். ஒரு கை மட்டும் உள்ளங்கை வறண்டு, வெடித்து, மாவு பூசியதுபோல இருந்தால், சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று வருடக்கணக்கில் எண்ணெய் தடவுவார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் இரண்டு பாதத்திலும் அதே வறட்சி, நகமும் மஞ்சளாகத் தடித்திருக்கும். இரண்டு கால், ஒரு கை. ஏன் ஒரு கை மட்டும்? பாதத்தைச் சொறிகிற கை அதுதான் என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

முகத்தில் வரும் பூஞ்சை இன்னும் மோசம். வட்டம் சரியாக உருவாகாது, வெயிலில் போனால் எரியும், கன்னம் சிவக்கும். லூபஸ் என்ற நோய் என்று சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனை வரைக்கும் போனவர்கள் உண்டு. போதாக்குறைக்கு, சிவப்பழகுக்கு என்று விற்கும் சில க்ரீம்களிலேயே ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

குழந்தைகளின் தலையில் வருவதைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். லேசாக வந்தால் பொடுகு என்று நினைத்து ஷாம்பு மாற்றுவோம். கடுமையாக வந்தால் சீழ் கோத்த கட்டி போல மொழுமொழுவென்று வீங்கி, மேலே இருக்கும் முடி தொட்டாலே கையோடு வரும். பார்க்கிறவர்களுக்குக் கத்தி வைத்துக் கீறிவிடத் தோன்றும். ஆனால் அது கீறிச் சீழ் எடுக்க வேண்டிய கட்டி இல்லை, பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் மிகையான கோபம். ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பூஞ்சை போகாது, பூஞ்சை மாத்திரை வேண்டும். தாமதமானால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். வீட்டில் புதிதாகப் பூனைக்குட்டி வந்ததா என்று கேட்பது இந்த இடத்தில் வேடிக்கைக் கேள்வி இல்லை. பூனை, நாய், மாடு எல்லாமே பூஞ்சையைக் கொண்டுவந்து தரும்.

தேமல் இதற்கு நேர் எதிர், வெளியிலிருந்து வருவதில்லை. அதைச் செய்வது மலசீசியா, நம் தோலிலேயே எல்லோரிடமும் குடியிருக்கிற ஈஸ்ட் வகை. வியர்வையும் எண்ணெயும் கூடும்போது பெருகி, கழுத்திலும் மார்பிலும் வெளிறிய திட்டுகளாகத் தெரியும். வெண்புள்ளி வந்துவிட்டதோ என்று பயந்து, கல்யாண வீட்டுக்கே போகாமல் இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு போலச் செதில் வந்தால் அது தேமலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெண்புள்ளியில் செதில் வராது, நிறமும் பால் வெள்ளை. மருந்து போட்டுப் பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். அதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் மருந்து கேட்கவில்லை என்று இடம் மாறுகிறார்கள். இதே மலசீசியா முதுகிலும் மார்பிலும் ஒரே அளவுச் சின்னச் சின்னப் பருக்களாகவும் வரும், அரிக்கும். பரு என்று ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் கூடும்.

இவ்வளவும் பூஞ்சை வேறு நோயாகத் தெரிவது. திருப்பிப் போட்டால்தான் எனக்குப் பயம். தொழுநோயின் ஒரு வகையிலும் ஓரம் தடித்த, நடு வெளிறிய வட்டம் வரும். படை என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டே இருந்தால், அதற்குள் நரம்பு போய்க்கொண்டிருக்கும். படை அரிக்கும்; தொழுநோய்த் திட்டு பெரும்பாலும் அரிக்காது, தொட்டாலோ சுட்டாலோ உணர்ச்சி குறைந்திருக்கும், அந்த இடத்தில் வியர்க்காது, முடி உதிர்ந்திருக்கும். அரிக்காத வட்டம் ஒன்று உடம்பில் இருந்தால் களிம்பைக் கையால் தொடாதீர்கள், நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். அரசே இலவசமாகத் தரும் கூட்டு மருந்தில் தொழுநோய் முழுதாகக் குணமாகிறது, சீக்கிரம் வந்தால் ஊனமும் இல்லை.

பழைய ஆட்கள் சீமை அகத்தி இலையை அரைத்துப் போடுவார்கள். வண்டுகொல்லி என்றும் சொல்வோம். அதில் கிரைசோஃபானிக் அமிலம் இருக்கிறது, பூஞ்சையை எதிர்க்கும் குணம் அதற்கு உண்டு. பாட்டி வைத்தியம் என்று நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பூண்டை அரைத்துக் கட்டித் தோல் வெந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. வெந்த தோலில் எதையும் சுரண்டிப் பார்க்கவும் முடியாது.

ஒரு காலத்தில் இரண்டு வாரம் மாத்திரை, களிம்பு என்று முடிந்த விஷயம் படர்தாமரை. இந்தியாவில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கணக்கு தப்பிவிட்டது. வீடு வீடாக, குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை பலருக்கு வேலை செய்வதில்லை. இதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020இல் தனிப் பெயர் வைத்தார்கள்: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பெயர் வைத்தவர்கள் ஜப்பான்காரர்கள். அங்கே இருந்த ஒரு நேபாளியிடமும் ஓர் இந்தியரிடமும் எடுத்த மாதிரியிலிருந்து. டெர்பினாஃபின் போய்த் தாக்க வேண்டிய நொதியின் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம், மருந்து பிடி கிடைக்காமல் நழுவுகிறது. 2023இல் அமெரிக்காவில் முதன்முதலாக நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது கண்டுபிடிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. ஒருவர் வங்கதேசம் போய் வந்தவர். மற்றவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர்.

ஸ்டீராய்டு டியூப்தான் இந்தப் பூஞ்சையை உருவாக்கியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இறுக்கமான ஜீன்ஸ், காயாத துணி, நாலு பேருக்கு ஒரே துண்டு, பாதியில் நிறுத்திய மாத்திரை எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டு அடக்கிப் போட்ட உடம்பில் ஒரு பூஞ்சை மாதக்கணக்கில் நிம்மதியாக வாழ்ந்து, அரைகுறை மருந்தைப் பார்த்துப் பழகி, வீட்டில் எல்லோருக்கும் பரவ நாம் கொடுத்த வசதி கொஞ்ச நஞ்சம் இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

இன்றைக்கு மருத்துவர்கள் இட்ராகோனசோல் எழுதுவது அதிகம், வாரக்கணக்கில். அந்த கேப்ஸ்யூலைச் சாப்பிட்ட கையோடு விழுங்க வேண்டும். வயிற்று எரிச்சலுக்கு என்று அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. இதய பலவீனம் உள்ளவர்களும், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்வது. தோல் பார்க்கச் சுத்தமான பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை போட வேண்டும். வீட்டில் மற்றவருக்கும் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து, ஒரே நேரத்தில்.

ஒரு விஷயத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டீராய்டு களிம்பு விஷம் இல்லை. கரப்பானுக்கும் சோரியாசிஸுக்கும் அதுதான் நல்ல மருந்து. தோல் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்தாதீர்கள், அவரிடமே கேளுங்கள். நான் சொல்வது சீட்டு இல்லாமல் வாங்கிய டியூபைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பாதி டியூபைப் பற்றி.

போட்டால் போய், விட்டால் வருகிறது என்றால் அடுத்த டியூப் வாங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய், "சுரண்டிப் பார்த்துடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். போகும்போது இதுவரை போட்ட டியூப் எல்லாவற்றையும், காலியானதையும்கூட, பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அவருக்கு அந்தச் சின்ன எழுத்துதான் பாதி விடை. அன்று காலையில் மட்டும் அந்த இடத்தில் எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் தடவாமல் போங்கள். சுரண்டுகிற எங்களுக்கு அது பெரிய உதவி.